பழைய கணினி எங்கே தடுமாறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக்குக் கணினி பார்க்கப் போயிருந்தேன். 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப். “தம்பி, பிரவுசரைக் கிளிக் பண்ணிட்டு, அடுப்புல பால் வச்சுட்டு வந்தாலும் திறந்திருக்காது” என்றார். கடையில் காட்டியிருக்கிறார். புதிது வாங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தக் கடையில் யாரும் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான் போட்டுப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் முன்பக்கத்துச் சின்ன சிவப்பு விளக்கு அணையவே இல்லை. பெட்டியில் காதை வைத்தால் உள்ளே ‘கறுக், கறுக்’ என்று, கோப்புகளையெல்லாம் சேமித்து வைக்கும் அந்த ஹார்ட் டிஸ்க் ஓயாமல் ஓடும் சத்தம். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பத்து நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள். அப்புறம் கடிதம் அடிக்கும் மென்பொருளைத் திறந்து, எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூடிவிட்டு உடனே மறுபடி திறங்கள். முதல் தடவை ஒரு நிமிடம், இரண்டாம் தடவை ஐந்து விநாடி என்றால் தாமதம் டிஸ்க்கில்தான். முதல் தடவை படித்ததை விண்டோஸ் ராம் என்ற வேகமான தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கிறது, இரண்டாம் தடவை டிஸ்க்கிடம் அதிகம் போகவே தேவையில்லை. இரண்டு தடவையும் ஒரே நேரம் ஆனால், கணக்குப் போடும் சில்லான பிராசஸரையோ ராமையோ அந்த மென்பொருளையோ பார்க்க வேண்டும்.

டிஸ்க் ஏன் இவ்வளவு தாமதம் செய்கிறது? உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது. லேப்டாப்பில் பெரும்பாலும் 5400. படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர வேண்டும், தட்டும் சுற்றி அங்கே வந்து சேர வேண்டும். இப்படி விநாடிக்கு ஏறக்குறைய நூறு இடங்களைத்தான் தொட முடியும். ஒரு பிரவுசர் திறக்க நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன கோப்புகள் வேண்டும், அவை டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அதே நேரத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருளும் அப்டேட்டும் அதே முனையை இழுத்துக்கொண்டிருக்கும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் என்று இருக்கும், ஆனால் படிப்பதோ விநாடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான். பலர் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். அந்த 100 என்பது டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. பக்கத்திலேயே மெமரி, அதாவது ராம் பத்தியையும் பாருங்கள். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் அது 90 சதவீதத்தில் நின்றால், இடம் போதாமல் ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருக்கும். அப்போது ராமைக் கூட்டினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

கணினியைப் போட்டதும் தானாக ஓடும் மென்பொருள்களின் ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையற்றதை நிறுத்துங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஃபேனில் தூசி அடைத்திருந்தால் ஊதி எடுங்கள், சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் அழுத்துவதால் எதுவும் வேகமாகாது. ஃபார்மட் செய்தால் சில வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான், ஏனென்றால் உள்ளே இருப்பது அதே டிஸ்க்.

ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு நான் சொல்வது, அதற்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி. அதில் சுற்றும் தட்டு இல்லை, நகரும் முனை இல்லை. பழைய மதர்போர்டில் போட்டால் பலன் இருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. டிஸ்க்கைப் போர்டுடன் இணைக்கும் பழைய சாட்டா இணைப்பில் பெரிய கோப்பை நகலெடுக்கும் வேகம் குறையலாம், சின்னக் கோப்புகளைத் தேடிப் பிடிக்கும் வேகம் பல மடங்கு கூடத்தான் செய்யும். மென்பொருள் திறக்க வேண்டியது அந்த வேகம்தான்.

ஆனால் முதலில் உங்கள் படங்களை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் சில இடங்கள் கெட்டுப்போனால், அது அதே இடத்தை மறுபடி மறுபடி படிக்க முயலும். அதுவும் வெளியே வெறும் தாமதமாகத்தான் தெரியும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள்.

டீச்சர் வீட்டில் மஞ்சள்தான் காட்டியது. மகள் கல்யாணப் படங்களை நகலெடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது, சில கோப்புகளுக்கு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட டிஸ்க்கை அப்படியே முழுதாக நகலெடுத்துக் குளோன் செய்யாமல் எஸ்எஸ்டியில் புதிதாக இன்ஸ்டால் செய்தேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அவருடைய பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்காது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு, தமிழ் விசைப்பலகையும் சேர்த்துக் கொடுத்தேன். பிரவுசர் இப்போது ஆறு விநாடியில் திறக்கிறது.

நன்றி, வணக்கம்.