எட்டுக்கு ஏழு சமையலறை, கையில் ஒரு லட்சம்: மாடுலர் போடலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "எங்கள் சமையலறை எட்டடிக்கு ஏழடி. மாமனார் காலத்தில் கட்டிய வீடு. கடப்பா கல் மேடை, கீழே கதவு கிடையாது. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. மாடுலர் கிச்சன் போடலாமா, பணம் பத்துமா?" கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. "சமைத்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்று விழுவது போல வலிக்கிறது, இடம் பத்தாததால்தான் என்று நினைக்கிறேன்." அந்தக் கடைசி வரி என்னை விடவே இல்லை.

சகோதரி, மாடுலரை அப்புறம் பார்ப்போம். உங்கள் தோள்பட்டை வலிக்குக் காரணம் இடமாக இருக்காது, மேடையின் உயரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் 'மறுபடியும் உயரமா' என்பீர்கள். ஆமாம், மறுபடியும் அதேதான். கிரானைட் என்ன நிறம், சிம்னி எந்தக் கம்பெனி என்று தினமும் கேட்கிறார்கள். 'என் மேடை எனக்கு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்' என்று ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

செருப்பில்லாமல் நேராக நில்லுங்கள். காய் நறுக்குவது போல முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரைக்கும் ஒருவரை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். அதில் நாலைந்து அங்குலம் கழித்தால் அதுதான் உங்கள் மேடை உயரம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் வரும், ஆக மேடை 33. இது நறுக்குவதற்கும் பிசைவதற்கும் மட்டும்தான். அதே மேடையில் அடுப்பை வைத்தால் அடுப்பே நாலைந்து அங்குலம், அதன் மேல் குழம்புச் சட்டி ஆறேழு அங்குலம். சட்டியின் விளிம்பு 44-க்குப் போய்விடுகிறது. அதற்குள் கரண்டி விட்டுக் கிளற வேண்டுமானால் கையைத் தோளுக்குத் தூக்கியே ஆக வேண்டும். வலிக்காமல் என்ன செய்யும்?

நம் சேலத்துக் குகைப் பகுதியில் ஒரு தறிக்காரர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். கூடம் முழுக்கத் தறி, சமையலறைக்கு மிஞ்சியது ஒரு மூலை. பையன் நன்றாகச் சம்பாதிக்கிறான், அம்மாவுக்கு ஆசையாகப் புது மேடை கட்டிக் கொடுத்திருக்கிறான். பளபளவென்று கறுப்பு கிரானைட், உயரம் 36. அந்த அம்மா ஐந்தடி கூட இல்லை. அடுப்புக்கு முன்னால் தரையில் ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு கையால் மேடை விளிம்பைப் பிடித்திருந்தார், விழாமல் இருக்க. பையன் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறான், அவன் கண்ணில் படவில்லை. அடுப்பு இருந்த மூன்றடியை மட்டும் கல்லை அறுத்து எடுத்து, எட்டு அங்குலம் இறக்கி வைத்தோம். மணைப்பலகை பூஜை அறைக்கே திரும்பிவிட்டது.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். கடப்பா கல் என்பதால் வேலை இன்னும் சுலபம். அடுப்பு நிற்கும் மூன்றடியை மட்டும் 28 அங்குலத்துக்கு இறக்குங்கள். அதற்கும் கீழே போக வேண்டாம். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்று கேஸ் ஏஜென்சியிலேயே சொல்வார்கள். சிலிண்டர் இரண்டடிக்கு மேல் இருக்கிறது, அதன் தலையில் ரெகுலேட்டர் வேறு. இறக்கிய பகுதிக்கு அடியில் அது நுழையாது, பக்கத்தில் உயரமான மேடைக்கு அடியில் வையுங்கள். அங்கே கதவு போடுவதாக இருந்தால் கீழ்ப்பக்கம் காற்றுப் போக ஓட்டை வைத்த ஜாலி விட்டே ஆக வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

மிக்சியும் இறக்கிய பகுதியின் ஓரத்திலேயே இருக்கட்டும். ஜாரின் மூடியை அழுத்திப் பிடிப்பதும் தோள் வேலைதான். கிரைண்டரை மேடையில் ஏற்றவே ஏற்றாதீர்கள், ஒன்றரையடித் திட்டு போதும்.

சரி, இடத்துக்கு வருவோம். ஏழடி அகலத்தில் இரண்டு பக்கமும் இரண்டடி மேடை போட்டால் நடுவில் மூன்றடிதான் மிச்சம். ஒருவர் குனிந்தால் இன்னொருவர் போக முடியாது. ஒரு பக்கம் மட்டும் மேடை வையுங்கள். எதிர்ப் பக்கம் ஓரடி ஆழத்தில் தரையிலிருந்து மேலே வரை தட்டுகள். ஓரடி என்றால் டப்பா ஒரே வரிசையில் நிற்கும், துவரம்பருப்புக்குப் பின்னால் போன வருஷத்து சேமியா ஒளிந்திருக்காது. அதிலேயே கீழே இரண்டு குடம் வைக்க இடம் விடுங்கள். நம் ஊரில் காவிரித் தண்ணீர் வருகிற அன்று பிடித்து வைத்தால்தான் உண்டு. வெளியூர் கம்பெனிக்காரர்கள் வரைந்து கொடுக்கும் படத்தில் குடம் இருக்காது, டிரம் இருக்காது. எல்லாம் முடிந்த பிறகு குடத்தை நடைபாதையில் வைத்துவிட்டு இடம் பத்தவில்லை என்று வருத்தப்படுவோம்.

மாடுலர் உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. கடப்பா தட்டுகள் ஏற்கெனவே உறுதியாக நிற்கின்றன, கரையான் வராது, நனைந்தாலும் ஊறாது. அதை உடைத்துவிட்டு மரப்பெட்டி வைக்க எதற்குப் பணம்? அலுமினியச் சட்டத்தில் கதவு அடித்துப் பொருத்தினால் போதும். மரம்தான் வேண்டும் என்றால், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வருவதாவது, தண்ணீரைத் தாங்கும் ரகமான ஐஎஸ் 710 தர முத்திரை உள்ள பிளைவுட்டாக இருக்கட்டும். கடையில் சும்மா 'கமர்ஷியல்' என்று கொடுப்பது பெரும்பாலும் ஐஎஸ் 303-இல் எம்ஆர் ரகம், அது தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஆகாது. அமுக்கிய மரத்தூள் பலகை வேண்டவே வேண்டாம். ஏற்காட்டிலிருந்து இதைப் பார்க்கிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அங்கே தண்ணீர் படாவிட்டாலும் பனியும் மழை ஈரமுமே பலகையை உப்ப வைத்துவிடும்.

தொட்டி வாங்கும்போது காந்தம் ஒட்டவில்லை, நல்ல ஸ்டீல் என்று காட்டுவார்கள். நம்பாதீர்கள். நல்ல ரகமான 304-லும் ஒட்டாது, நிக்கல் குறைந்த மட்டமான 202 ரகத்திலும் ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகுக்கென்றே உருக்காலை வைத்திருக்கிற ஊர் நம்முடையது, நாம் இதில் ஏமாறக் கூடாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். போர் தண்ணீர் புழங்கினால் வெள்ளையாக உப்புப் படியும், அது ஸ்டீலின் குற்றமில்லை. ராத்திரி ஒரு துணியால் துடைத்துவிட்டால் படியாது.

வயரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் இழுக்கும். அதற்குத் தனி வயர், 16 ஆம்பியர் பாயின்ட். பரணுக்கு அடியில், மேடைக்கு நேர் மேலே, ஒரு எல்இடி பட்டை போடுங்கள். நடுக்கூரையில் விளக்கு இருந்தால் முதுகில் வெளிச்சம் விழுந்து, நறுக்குகிற வெண்டைக்காய் மேல் உங்கள் நிழல்தான் இருக்கும். ஜன்னல் இருக்கிறதென்றால் சிம்னி கூட இப்போதைக்கு வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் உயரமாக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள்.

ஆக முதலில் அடுப்பு மேடையை இறக்குங்கள். அப்புறம் குழாயும் வயரிங்கும், அதன் பிறகு எதிர்ப்பக்கத் தட்டுகள், கடைசியில் கதவுகள். பணம் நடுவில் தீர்ந்தால் கதவுக்குப் பதில் திரைச்சீலை தொங்கட்டும், அடுத்த தீபாவளிக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சகோதரி, கொத்தனாரை வரச் சொல்வதற்கு முன் எனக்கு இரண்டு அளவு எழுதி அனுப்புங்கள். இப்போது மேடை எவ்வளவு உயரம், உங்கள் முழங்கை எவ்வளவு உயரம். வீட்டில் மாமியாரும் சமைக்கிறார் என்றால் அவருடைய முழங்கையையும் அளந்துவிடுங்கள்.