முதலாண்டில் முதல் படிப்பு எது? – ‘பரந்த படிப்பே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணி அண்ணன்மார்களுக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும், பின்னால் நின்றுகொண்டே கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

‘கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு முதலில் தரவேண்டியது தொழில்திறனா, பரந்த படிப்பா?’ இதுதான் தலைப்பு. பரந்த படிப்பு என்று எங்கள் அணி சொல்வது, லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயரில் முதலாண்டில் வைக்கிறார்களே, அந்த அறிமுகப் பாடத்தை. எந்த மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, எடுத்த பிள்ளையும் அந்த வகுப்பில் உட்காரவேண்டும். வரலாறு, இலக்கியம், அறிவியல், பொருளாதாரம் எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டு, எப்படிக் கேள்வி கேட்பது, எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது என்று பழக்கும் பாடம் அது.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் வலுவான இடத்தில் பிடித்தார். “நம்ம செட்டிநாடு வளர்ந்தது பெட்டியடிப் பையன்களால். மீசை முளைக்காத வயசில் கப்பல் ஏறினான், கணக்குப் படித்தான், காசு சேர்த்தான். அவனுக்கு யாரய்யா இலக்கியமும் தத்துவமும் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டார். அரங்கமே தட்டியது. நானும் தட்டினேன். பெட்டியடிப் பையன் என்றால், வெளிநாட்டில் வட்டிக்கடை நடத்திய செட்டியாரிடம் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகிய பையன். ஆனால் பெட்டியடியில் அந்தப் பையன் கற்றதில் பாதியைத்தான் அண்ணன் சொன்னார்.

ரங்கூனிலோ பினாங்கிலோ கிட்டங்கி என்ற கடைக்கட்டடத்தின் தரையில் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பேரேடு எழுதக் கற்றான், சரி. அதோடு ஊருக்குப் போகும் கடிதத்தைப் பிசகில்லாமல் எழுதக் கற்றான். வருகிறவன் பேசும் மொழியைக் காதில் வாங்கினான். நெல் விலை இறங்கினால் இந்த ஆள் கடனைக் கட்டுவானா, வழக்குக்குப் போனால் எந்தப் பத்திரம் நிற்கும் என்று யோசிக்கக் கற்றான். மொழி, கணக்கு, சட்டம், மனிதர்கள் எல்லாம் ஒரே பாயில் கிடைத்தன. பரந்த படிப்பு வேறு என்ன? இன்றைக்குப் பெட்டியடி இல்லை. ஒரே திரைக்கு முன்னால் ஒரே வேலையை மட்டும் பழகும் பிள்ளைக்கு அந்த மீதிப் பாதியை எங்கே வைத்துக் கொடுக்கப்போகிறோம்? அதற்குத்தான் ஒரு வகுப்பு கேட்கிறோம்.

தொழில்திறன் மட்டும் போதுமா என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 1930-களின் விலைச் சரிவில், கட்டமுடியாத கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வட்டிக்குக் கொடுத்த நம்மவர் கைக்கு வந்துவிட்டது. 1942-ல் ஜப்பான் படை உள்ளே வந்தது. எத்தனையோ குடும்பங்கள் நடந்தே திரும்பின. வட்டிக் கணக்கில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கே வேலை இல்லாமல் போனது. ஆலைக்கும் அச்சுத்தொழிலுக்கும் சினிமாவுக்கும் மாறிக்கொள்ள முடிந்தவர்கள் எழுந்தார்கள். தெரிந்த தொழிலை விட்டுத் தெரியாத தொழிலுக்குள் நுழைய ஒரு தைரியம் வேண்டும். இந்தப் பாடம் தருவது அந்தத் தைரியத்தைத்தான்.

காரைக்குடியில் கல்லூரிகள் கட்டிய வள்ளல் அழகப்பச் செட்டியாரை இந்த மேடையில் எதிரணியும் சொந்தம் கொண்டாடியது. அவர் என்ன படித்தார்? சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. அப்புறம் லண்டனில் சட்டம். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். இலக்கியம் படித்த அந்த மனிதர்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இன்னொன்றையும் கவனியுங்கள். காரைக்குடியில் அவர் முதலில், 1947-ல், தொடங்கியது கலைக் கல்லூரி. அங்கே பொறியியல் கல்லூரி வந்தது 1952-ல். கலை முதலில், தொழில்நுட்பம் பின்னால். இந்த வரிசையைத்தான் நான் ஒரு பிள்ளையின் படிப்பிலும் கேட்கிறேன்.

சரி, வகுப்பில் என்னதான் நடக்கும்? நான் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறவன். எனக்கு விட்டால் முதல் வாரம் பிள்ளைகளை ஒரு செட்டிநாட்டு வீட்டு முகப்பில் உட்காரவைப்பேன். தூணைக் காட்டுவேன். பர்மாத் தேக்கு. இது ஏன் இங்கே வந்தது என்று கேட்டால் கப்பல், வணிகம், வெள்ளைக்காரன் ஆட்சி, காடு வெட்டு எல்லாம் வரும். சுவரைத் தொடச் சொல்வேன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தால் ஏன் இப்படி வழவழப்பாகிறது? வேதியியல் வந்துவிட்டது. வளவு என்ற நடுமுற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் எந்த வழியாக ஊருணிக்குப் போகிறது? அது பொறியியல். முகப்பில் ஆண்கள் உட்கார, பெண்கள் ஏன் உள்கட்டில் இருந்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது வகுப்பில் சண்டை வரும். வரட்டும். ஒரே வீட்டை நான்கு விதமாகக் கேட்கத் தெரிந்த பிள்ளை அப்புறம் எந்த மேஜருக்குப் போனாலும் தன் துறையின் எல்லை எங்கே முடிகிறது என்று அறிந்திருக்கும்.

“கதை பேசிக்கொண்டு உட்காரும் வகுப்பு” என்றார் எதிரணித் தங்கச்சி. இல்லம்மா, இதைவிடக் கடினமான வகுப்பு கிடையாது. நோட்ஸ் தரமாட்டோம், கைடு கிடைக்காது. பத்துப் பக்கத்தை வீட்டிலேயே படித்துவிட்டு, புரியாத இடத்தில் கோடு போட்டுக்கொண்டு வரவேண்டும். வந்தால் வாயைத் திறக்கவேண்டும். அடுத்தவர் சொன்னதை, அவரே ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கவேண்டும். இந்த ஒன்றைப் பழகவே ஒரு பருவம் ஆகும். எழுதியதைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி எழுதவேண்டும், மூன்றாம் முறையும் எழுதவேண்டும். பிறர் சொல்லைத் தன் சொல்லாகப் போடக்கூடாது. ஆசிரியருக்கும் ஒரு கடமை உண்டு: தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன்னால் சொல்லவேண்டும்.

நம் கல்லூரிகளில் இதற்கு விதை இல்லாமல் இல்லை. பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் மேஜரும் அலைடு என்ற துணைப்பாடமும், அப்புறம் சுற்றுச்சூழல், நாட்டு நலப்பணி என்று திட்டம் போட்டவர்கள் பரந்த படிப்பை நினைத்துத்தான் போட்டார்கள். நாம்தான் அதை அரியர் வைக்காமல் தாண்டவேண்டிய வேலியாக மாற்றிவிட்டோம்.

எதிரணி சொன்னதில் என்னை உண்மையாகவே நிறுத்தி யோசிக்கவைத்தது கடன். “கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இதெல்லாம் ஆடம்பரம்” என்றார்கள். பழைய ரோமாபுரியில் இந்தப் படிப்புக்கு வைத்த பெயரின் பொருளே ‘சுதந்திர மனிதனுக்குரிய கலைகள்’ என்பது. இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்று பின்னால் ஏழாக வகுத்தார்கள். அடிமை வீட்டுப் பிள்ளைக்கு அதில் இடமில்லை. இன்று நாமும் ‘உனக்குத் தொழில் போதும், யோசிப்பது பணக்காரப் பிள்ளைக்கு’ என்று சொன்னால், அதே கோட்டைத்தானே மறுபடி போடுகிறோம்? வசதியான வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே அரசியலும் புத்தகமும் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இந்த வகுப்பு இல்லாவிட்டாலும் ஓடிவிடும். கொத்தனார் வீட்டுப் பெண்ணுக்கு இந்த வகுப்பறை மட்டும்தான் அந்த மேசை. கடன் வாங்கி வருகிற பிள்ளையிடமிருந்து இதைப் பிடுங்கலாமா? நாங்கள் தொழில்திறனைத் தள்ளச் சொல்லவில்லை, வாரத்தில் நான்கு மணி நேரம் கேட்கிறோம்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா. என் வகுப்பில் ஆத்தங்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வீட்டில் டைல்ஸ் வேலை. கண்ணாடிமேல் அச்சு வைத்து, வர்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதை வகுப்பில் அழகாகச் சொன்னாள். பேசிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள். “ஐயா, இந்தப் பூ டிசைன் யாருடையது? எங்க அப்பாவோடதா, வெளிநாட்டுலேருந்து வந்ததா?” எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த வாரம் வகுப்பு வாசலில் கையில் பழைய அச்சு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் அப்பா நின்றார்.

நன்றி, வணக்கம்.