காலி மனையில் ஒரு தெரு

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க் என்றதும் வானைத் தொடும் கட்டடங்கள்தான் நம் கண்ணில் நிற்கும். அதே நகரத்தில், புரூக்ளினின் கிழக்குப் பக்கம் பிரவுன்ஸ்வில் என்று ஒரு வட்டாரம். 1970களில் அங்கே தெருத்தெருவாகப் பாழ்மனை. வாடகைக்கு விட்டிருந்தவர்கள் வரிகூடக் கட்டாமல் கைகழுவிவிட்டுப் போனார்கள். பல கட்டடங்கள் எரிந்தன. இடித்துத் தள்ளிய மனைகள் மாநகராட்சி தலையில் வந்து விழுந்தன.

1982இல் அந்த வட்டாரத்துத் தேவாலயங்கள் கூட்டாகச் சேர்ந்து, ஏழைகள் சொந்தமாக்கிக்கொள்ள அங்கே வீடு கட்டக் கிளம்பின. பைபிளில் எருசலேமின் இடிந்த மதிலை மறுபடி எழுப்பிய நெகேமியாவின் பெயரைத்தான் திட்டத்துக்கு வைத்தார்கள்.

கட்டிக்கொடுக்க முன்வந்தவர் ஐ. டி. ராபின்ஸ், அனுபவசாலி. அங்கொன்று இங்கொன்று என்று கட்டக் கூடாது, தெரு முழுக்கக் கட்ட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். செலவு குறைந்ததும் அதனால்தான். ஒவ்வொரு வீடும் 18 அடி அகலம், 32 அடி நீளம். நம்மூர்க் கணக்கில் வீடு நிற்கும் இடம் கால் கிரவுண்டுகூட வராது! அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர், ஒரு மாடி, அடியில் நிலவறை, வாசலில் கார் நிறுத்த இடம். விலை ஏறக்குறைய 50,000 டாலர்.

எனக்குப் பிடித்தது அவர்கள் போட்ட பணக்கணக்கு. தேவாலயச் சபைகள் திரட்டிய தொகை வட்டியில்லாமல் சுழன்றது. ஒரு வரிசை விற்று வந்த காசில் அடுத்த வரிசைக்குக் கடைக்கால் தோண்டினார்கள். மாநகராட்சி மனையைக் கொடுத்தது, வீட்டுக்கு 10,000 டாலர் கடனும் கொடுத்தது. அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது, மாதத் தவணையும் கிடையாது. வீட்டை விற்கும் நாளில் திருப்பினால் சரி. அதனால் வாங்குகிறவர் மாதாமாதம் கட்டவேண்டியது குறைந்தது. அரசு வாடகைக் குடியிருப்பில் இருந்த பலர் இப்படித்தான் வீட்டுக்காரர் ஆனார்கள்.

இவ்வளவு நிலத்தில் அடுக்குமாடி கட்டியிருந்தால் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் வந்திருக்குமே என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பின்னாளில் அதே புரூக்ளினில் ஸ்பிரிங் கிரீக் என்ற இடத்தில் கட்டியபோது கொஞ்சம் இறங்கி வந்தார்கள். சில வீடுகளில், வாடகைக்கு விட ஒரு போர்ஷனும் சேர்த்தார்கள். அங்கே வீட்டின் பகுதிகளைத் தொழிற்கூடத்தில் செய்து லாரியில் கொண்டுவந்து பொருத்தினார்கள். சில வீடுகளில், வாடகைக்கு விட ஒரு போர்ஷனும் சேர்த்தார்கள்.