பழைய லாரியின் இண்டிகேட்டர் சுவிட்சைத் தூக்கிப் போடலாமா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அப்பா ஓட்டிய லேலண்ட் காமெட் லாரியைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறேன். இடது இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. சில நேரம் எரிவதே இல்லை. கைப்பிடியும் போட்ட இடத்தில் நிற்பதில்லை. புது சுவிட்ச் மாட்டிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். பழையதையே சரிசெய்ய முடியுமா?”

முடியும் தம்பி. தயவுசெய்து அதைத் தூக்கிப் போட விடாதீர்கள். அந்தக் காலத்துச் சுவிட்சுக்குள் பேக்லைட் என்ற பழைய காலக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பலகை, அதில் அறைந்த பித்தளைத் தகடுகள், அவற்றின்மேல் நகரும் தொடுமுனை, கைப்பிடியை நிறுத்த ஒரு ஸ்பிரிங்கும் சின்ன இரும்புக் குண்டும் இருக்கும். வேறொன்றும் கிடையாது. உங்கள் பக்கத்துக் கடற்காற்றில் பித்தளை பச்சை பூத்துவிடும். பழைய கிரீஸ் இறுகிக் குண்டைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் கோளாறு இவ்வளவுதான்.

கழற்றுவதற்கு முன், குற்றம் சுவிட்சுடையதுதானா என்று பாருங்கள். இடது பக்கத்தில் முன் இண்டிகேட்டர், பின் இண்டிகேட்டர் இரண்டுமே மங்கினால் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் மங்கினால் அந்த விளக்கின் எர்த்தை, அதாவது பாடியோடு சேரும் இணைப்பைப் பாருங்கள். துருப்பிடித்த பாடியில் எர்த் சரியாகப் பிடிக்காது. இரண்டு பக்கமும் சிமிட்டவில்லை என்றால் விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃப்ளாஷரைப் பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது. ஃப்ளாஷருக்கு மின்சாரம் வரும் முனையையும் அது வெளியே போகும் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் விளக்கு சிமிட்டாமல் நின்று எரியும். எரியும்போதே மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளையும் சுவிட்சுக்குள் வரும் முனையிலும் இடது பக்கத்துக்குப் போகும் முனையிலும் வையுங்கள். நல்ல சுவிட்ச் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் விளக்குக்குப் போக வேண்டிய மின்சாரத்தைச் சுவிட்சே தின்கிறது. விளக்கு எரியாத நிலையில் மீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மெல்லிய மின்னோட்டத்தில் அழுக்குத் தொடுமுனைகூட நல்லதுபோலக் காட்டும்.

இனிக் கழற்றலாம். பேட்டரியின் இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். வயர் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வயரின் நிறத்தை நம்ப முடியாது. சுவிட்சை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே திறங்கள். மூடி விலகும் கணத்தில் குண்டு தெறித்துப் போகும். பையில்லாமல் திறந்தால் பட்டறைத் தரையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பேக்லைட் பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். பித்தளையின் பச்சையை 1000 எண்ணுக்கு மேற்பட்ட மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். தொடுமுனையில் வெள்ளி முலாம் இருந்தால் உப்புத்தாளே வேண்டாம். முலாம் போனால் திரும்ப வராது. எலுமிச்சம்பழமோ புளியோ போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே அந்தப் புளிப்பு பலகையின் இடுக்கில் தங்கி, மழைக்காலத்தில் மறுபடி பச்சை பூக்கவைக்கும்.

பேக்லைட்டில் கீறல் இருந்தால் எபாக்ஸி போட்டு ஒட்டலாம். சூடு காட்டி உருக்கி ஒட்ட நினைக்காதீர்கள். அது உருகாது, கருகும். கைப்பிடி நிற்காததற்குத் தளர்ந்த ஸ்பிரிங்தான் காரணம் என்றால், பழைய ஸ்பிரிங்கையும் குண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போங்கள். அளவு சொல்லிக் கேட்பதைவிடப் பொருளைக் காட்டிக் கேளுங்கள். ஸ்பிரிங் அதே தடிமனில் இருக்க வேண்டும். கொஞ்சம் கடினமாகிவிட்டால் குண்டு ஓடும் பள்ளம் சீக்கிரம் தேய்ந்துவிடும். திரும்ப மூட்டும்போது குண்டுக்கும் பள்ளத்துக்கும் மட்டும் துளி கிரீஸ் வையுங்கள்.

அமெரிக்க முறை வயரிங் உள்ள பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்விளக்கில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே இழை இருந்தால், பிரேக் விளக்கின் மின்சாரமும் இந்தச் சுவிட்ச் வழியாகத்தான் போகும். சுவிட்சில் கைவைத்த பிறகு இண்டிகேட்டரை இடது, வலது, நடு என்று மூன்று நிலையிலும் வைத்து, பிரேக்கை மிதித்து, பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.