யாரோ ஒருவர் டேப்பை ஓடவிட்டிருந்தார்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியதை எழுத்தில் தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு புகைப்படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 1961 பிப்ரவரி, நியூயார்க் நகரத்தின் கிரீனிச் வில்லேஜ் பகுதி, ‘கஃபே வா’ என்றொரு காபிக்கடை. அதன் சின்ன மேடையில் மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் பாப் டிலன், பின்னாளில் உலகமே அறிந்த பாடகர், அப்போது 19 வயது, ஊருக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. மற்ற இருவர் கேரன் டால்டன், பிரெட் நீல். இன்று இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் நேராக டிலனிடம் போய்விடுகிறார்கள். ஆனால் அன்றைக்கு அந்த மேடை பிரெட் நீலுடையது, பகல் நேரத்தில் யார் பாட வேண்டும், யார் இறங்க வேண்டும் என்று சொல்கிறவர் அவர். டிலன் அவருக்குப் பக்கத்தில் மவுத் ஆர்கன் வாசிக்க இடம் கிடைத்ததே போதும் என்று நின்ற பையன். அந்த மற்ற இருவரைப் போன்றவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் அந்தத் தெருவைச் சொல்லிவிடுகிறேன். மக்டூகல் தெரு, நீளம் அதிகமில்லை. அங்கே 110ஆம் எண் கடையில் இஸி யங் என்பவர் 1957இல் நாட்டுப்பாடல் நூல்களும் இசைத்தட்டுகளும் விற்கும் கடை திறந்தார். பாடகர்கள் அங்கேதான் கூடுவார்கள், கித்தார் வாசிப்பார்கள், எங்கே மேடை கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். பக்கத்திலேயே கேஸ்லைட் என்று ஒரு நிலவறைக் கடை. அங்கே பாட்டு முடிந்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள், விரலைச் சொடுக்குவார்கள், ஏனென்றால் மேல்மாடியில் குடியிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். பல கடைகளில் சம்பளமே கிடையாது. பாடி முடித்ததும் ஒரு கூடை சுற்றிவரும், அதில் விழுகிற சில்லறைதான் அன்றைய சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் கூடிப் பாடுவார்கள். 1961இல் நகர நிர்வாகம் அதற்கு அனுமதி மறுத்தது. ஏப்ரல் 9 அன்று இஸி யங் முன்னால் நிற்க, நூற்றுக்கணக்கானோர் பூங்காவுக்குள் போய்ப் பாடினார்கள், போலீஸ் தள்ளியது, சிலரைக் கைதும் செய்தது. சில வாரங்களில் தடை போய்விட்டது. பாட்டுப் பாடுவதற்காக அடி வாங்கிய கூட்டம் அது, அந்த மரியாதையோடுதான் அவர்களைப் பார்க்கிறேன்.

சரி, கேரன் டால்டனுக்கு வருகிறேன். ஓக்லஹோமாவில் வளர்ந்தவர். கையில் பன்னிரண்டு தந்தி கித்தார், இல்லையென்றால் நீளக் கழுத்து பான்ஜோ. குரலைக் கேட்டவர்கள் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயை நினைவுகூர்வார்கள், டிலனே 2004இல் தன் நினைவுக் குறிப்பில் அப்படித்தான் எழுதினார், அங்கே தனக்கு மிகப் பிடித்த பாடகி அவர் என்றும் சொன்னார். கேரனுக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஒரு வரியை எல்லோரும் முடிக்கிற இடத்தில் முடிக்காமல், சற்றே தாமதித்து, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இழுத்து விடுவார் பாருங்கள், அது அவருடையது மட்டுமே. அவர் பாடியது பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய பாட்டு அல்லது பழைய நாட்டுப்பாட்டு. சொந்தப் பாட்டு எழுதுகிறவர்தான் கலைஞர் என்று சந்தை நினைக்கத் தொடங்கிய காலம், அதில் இவருக்கு இடமில்லாமல் போனது.

ரெக்கார்டிங் என்றாலே ஒதுங்கிவிடுவார். நிக் வெனெட் என்ற தயாரிப்பாளர் பலமுறை முயன்று தோற்றார். கடைசியில் பிரெட் நீலின் ஒலிப்பதிவுக்கு அவரைக் கூப்பிட்டு, நீலின் பாட்டு ஒன்றை எனக்காகப் பாடித் தாருங்கள், நான் வீட்டில் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன் என்று கேட்டாராம். அந்த ஒரு பாட்டு ஒரு இரவாக நீண்டது. பெரும்பாலானவை ஒரே தடவை பாடியவை. 1969இல் வந்த முதல் ஆல்பம் அதுதான். 1971இல் இன்னொன்று. அவ்வளவே. போதைப்பழக்கம், ஏழ்மை, பிறகு எய்ட்ஸ். 1993இல் உட்ஸ்டாக் பக்கம் இறந்தார். அந்த இரவு வெனெட் அவரிடம் சற்றே மறைத்துப் பேசியது சரியா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் அந்த இரவு இல்லையென்றால் இன்று நான் இங்கே நின்று அவர் பெயரைச் சொல்லியிருக்க முடியாது.

லென் சாண்ட்லர் என்றொருவர். கறுப்பினத்தவர், ஓபோ என்ற குழலிசைக் கருவி வாசித்தவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவர், கேஸ்லைட்டில் தொடர்ந்து பாடியவர். டிலன் தன் ஆரம்பகாலப் பாட்டு ஒன்றின் மெட்டை இவரிடமிருந்துதான் எடுத்தேன் என்று 1962இல் வானொலியிலேயே சொன்னார். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி, மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே நாள், அதே மேடையில் இவரும் பாடினார். ஆனாலும் இவருடைய முதல் ஆல்பம் 1960களின் பிற்பகுதியில்தான் வந்தது, அதற்குள் அலை வேறு பக்கம் போய்விட்டது. 2023இல் மறைந்தார்.

இப்போது கோனி கான்வர்ஸ். இவரைப் பற்றிப் பேசத்தான் இந்த அழைப்பையே ஒப்புக்கொண்டேன். அந்தக் கூட்டம் சேர்வதற்கு முன்பே, 1950களின் தொடக்கத்தில், கிரீனிச் வில்லேஜில் ஒரு அறையில் இருந்துகொண்டு, பகலில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்து, இரவில் சொந்தமாகப் பாட்டெழுதிக் கித்தாரோடு பாடியவர். பாட்டெழுதிப் பாடுகிறவர் என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. 1954இல் ஜீன் டைச் என்பவர் தன் வீட்டில் நண்பர்கள் முன்னால் இவரைப் பாட வைத்து டேப்பில் பதிவு செய்தார். டைச்சை உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியும்: பிற்பாடு பிராகில் இருந்துகொண்டு டாம் அண்டு ஜெர்ரி கார்ட்டூன்கள் எடுத்தவர். அதே 1954இல் ஒருமுறை தொலைக்காட்சியில் தோன்றினார் கோனி. அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

1961 ஜனவரியில் போதும் என்று நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார். அதே மாதம்தான் டிலன் அங்கே வந்து இறங்கினார். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மிச்சிகனில் ஆன் ஆர்பர் போய் ஓர் ஆய்விதழில் நிர்வாக ஆசிரியராக வேலை பார்த்தார். 1974 ஆகஸ்டில், ஐம்பது வயது நிறைந்த சில நாட்களில், குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கடிதங்கள் எழுதிவிட்டு, தன் ஃபோக்ஸ்வாகன் காரில் ஏறிப் போனார். காரும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.

பாட்டுகளை அவர் வீணாக்கவில்லை. ஒழுங்காக அடுக்கி, எழுதி, தம்பி வீட்டில் ஒரு இரும்பு அலமாரியில் விட்டுப் போயிருந்தார். அப்புறம் முப்பது வருடம். 2004இல், எண்பது வயதை ஒட்டிய டைச் ஒரு நியூயார்க் வானொலி நிகழ்ச்சிக்கு வந்தபோது, அந்தப் பழைய டேப்பிலிருந்து ஒரு பாட்டைப் போட்டார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு இளைஞரால் அதை மறக்க முடியவில்லை, டைச்சைத் தேடிப் பிடித்தார். 2009இல், ஐம்பத்தைந்து வருடம் கழித்து, கோனியின் முதல் ஆல்பம் வெளிவந்தது.

அந்தப் பதிவில் ஒன்றை இப்போது போடுகிறேன். மூன்று நிமிடம்கூட வராது. வீட்டில் பதிவு செய்தது, குரல் சன்னமாகத்தான் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள்.