வயசு மேல பழி போடாதீங்க

நடுவர் அவர்களுக்கும், இந்தக் குளிரில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கோபி வட்டாரத்துப் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் நின்றுகொண்டே விசில் அடிக்கும் தம்பிகளுக்கும் வணக்கமுங்க.

தலைப்பு தெரியும். ராக் இசையிலும் பேய்ப் படத்திலும் நம் ரசனை மாறிக்கொண்டே போகிறதே, அது வயதாலா, வசதியாலா? எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் வயதுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இருபதில் மெட்டல் என்கிற அதிரடி ராக்கைக் கேட்டுத் தலையை ஆட்டினவன் நாற்பதில் மெல்லிசைக்கு வந்துவிடுகிறான், பேயைப் பார்த்து அலறினவன் இப்போது பேயைப் பார்த்துச் சிரிக்கிறான், ரத்தம் சுண்டினால் சத்தமும் சுண்டும் என்றார். நல்ல கைத்தட்டல். நானும்தான் தட்டினேன், சொன்ன விதத்துக்காக. சொன்ன சங்கதி சரியில்லீங்க. வசதியால்தான் என்பது எங்கள் அணி.

வசதி என்று நான் சொல்வது காரையும் பங்களாவையும் அல்ல. பாட்டும் படமும் நம் கைக்கு வந்து சேரும் வழி, அதைக் கேட்கவும் பார்க்கவும் நமக்குக் கிடைக்கும் இடம், நேரம், இருட்டு எல்லாம் அதில் அடக்கம். நமக்கு வயசு ஏறின அதே வருஷங்களில்தான் இவை எல்லாமே தலைகீழாக மாறின. அண்ணன் அதைத் தொடவே இல்லை.

தொண்ணூறுகளில் ராக் நம் பக்கம் எப்படி வந்தது? கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் பங்காளி வீட்டுப் பையன் ஹாஸ்டலில் காப்பி எடுத்த கேசட்டோடு லீவுக்கு வருவான். தொண்ணூறு நிமிஷக் கேசட், அந்தப் பக்கம் ஒரு ஆல்பம், இந்தப் பக்கம் ஒரு ஆல்பம், அட்டையில் பேனாவில் கோணல் எழுத்து. பக்கம் தீரும்போது கடைசிப் பாட்டு பாதியில் டக்கென்று நிற்கும். மீதிப் பாட்டு எப்படிப் போகும் என்று தெரியாமலே சில பேர் கல்யாணம் ஆகிப் பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். பிடிக்காத பாட்டைத் தாண்டலாம் என்றால் ஃபார்வர்டை அமுக்கவேண்டும், அமுக்கினால் பேட்டரி தீரும், இல்லையென்றால் டேப் சிக்கும், அப்புறம் பென்சிலை விட்டுச் சுற்றிக்கொண்டு உட்காரவேண்டும், அதற்குப் பேசாமல் பாட்டையே கேட்டுவிடலாம் என்று கேட்போம். பிடிக்காததையும் கேட்டோம், திரும்பத் திரும்பக் கேட்டோம், கேட்கக் கேட்கப் பிடித்துப் போனது. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1968-லேயே இதைச் சோதித்து எழுதினார்: ஒன்றை அடிக்கடி எதிர்கொண்டாலே போதும், வேறு காரணம் இல்லாமலே அது நமக்குப் பிடிக்கத் தொடங்கும்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு 1975-ல் ஒரு ஆல்பம் போட்டார்கள். முதல் பாட்டில் பாடுகிறவர் வாயைத் திறக்க எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அன்றைக்கு அது நமக்குத் தவம், ஏனென்றால் கைவசம் இருந்தது அந்த ஒரு கேசட்தான். இன்றைக்கு ஸ்பாட்டிஃபை என்கிற பாட்டு ஆப்பில் முப்பது விநாடி ஓடினாலே அந்தப் பாட்டை ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் மனசு ஒட்டவில்லையா, கட்டைவிரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. இருபது வயசுக்காரன் விரலும் அப்படித்தான் போகிறது, அறுபது வயசு அப்பாரு விரலும் அப்படித்தான் போகிறது. வயசு இதில் எங்கே வந்தது?

இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன். ஹெவி மெட்டல் என்ற ரசனையே எப்படிப் பிறந்தது? இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு பட்டறை ஊர். அங்கே டோனி அயோமி என்று பதினேழு வயசுப் பையன், தகரப் பட்டறை வேலையில் கடைசி நாள், மெஷினில் கை மாட்டி இரண்டு விரல் நுனி போய்விட்டது. நம் கோயமுத்தூர் கணபதி, பீளமேடு பக்கம் பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, பதனிட்ட தோல் துண்டை மேலே ஒட்டி, கம்பி அழுத்தினால் வலிக்கிறதே என்று மெல்லிய கம்பி போட்டு, பிற்பாடு கம்பியின் முறுக்கத்தையும் தளர்த்தி வாசித்தார். கம்பி தளர்ந்ததும் சுருதி இறங்கியது. அவர் வாசித்த பிளாக் சபாத் குழுவின் அந்த அடிவயிற்றுச் சத்தம் உருவானதில் இந்தக் கைக்கும் பங்கு உண்டு. அவர்கள் குழுவுக்குப் பெயர் வைத்ததும் ஒரு பேய்ப் படத்தின் பெயரைத்தான். காசு கொடுத்து பயப்பட இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களே, பயமுறுத்துகிற மாதிரி வாசித்தால் என்ன என்று யோசித்தவர்கள் அவர்கள்.

சரி, பேய்க்கு வருகிறேன்.

அப்போதெல்லாம் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, யார் வீட்டு வாசலிலாவது வைத்து விடிய விடியப் படம். முதலில் சாமிப் படம், நடுவில் ரஜினி படம், சின்னப் பிள்ளைகள் தூங்கின பிற்பாடு பேய்ப் படம். ஊரே ஒட்டுக்கா உட்கார்ந்து பார்க்கும். படம் முடிந்தால்தான் நிஜமான படம் ஆரம்பிக்கும். நம் பக்கம் வீடு என்ன தெருவில் ஒட்டி ஒட்டியா இருக்கிறது? தோட்டத்துக்கு ஒரு வீடு. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் இட்டேரி, மேலே பனை ஓலை சரசரக்கும், அதில்தான் நடந்து போகவேண்டும். போய்ப் படுத்துக் கண் அசரும்போது அப்பா எழுப்புவார்: "கண்ணு, த்ரீ பேஸ் கரண்ட் வந்துடுச்சு, மோட்டாரைப் போட்டுட்டு வந்துரு." கிணற்றுமேட்டு மோட்டார் ரூம் கதவைத் தள்ளி, சிலந்திக் கூடு முகத்தில் ஒட்ட, கும்மிருட்டில் கையை நீட்டி ஸ்டார்ட்டர் பட்டனைத் தடவிக்கொண்டிருக்கும்போது, பட்டனுக்குப் பதிலாக இன்னொரு கை தட்டுப்பட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வருமே, அந்த நினைப்பை எந்த ஹாலிவுட் டைரக்டராலும் எடுக்க முடியாதுங்க. வீட்டு வாசலில் பார்த்த பேய் அந்த ரூமுக்குள் நம்மோடு வந்து நின்றது.

இன்றைக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. படுத்த இடத்திலிருந்து ஒரு போன் போட்டால் மோட்டார் ஓடுகிறது. வாசலில் எல்இடி, கையில் டார்ச், தோட்டம் முழுக்க கேமரா. படத்தை ஆறு இஞ்ச் திரையில், பக்கத்தில் பெண்டாட்டி சீரியல் பார்க்க, நடுவில் வாட்ஸ்அப்பில் நாலு குட்மார்னிங் வர, பயம் வரும் இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கிறான். பேய்ப் படத்தில் பாதி உயிர் சத்தத்தில் இருக்கிறது, அதைக் குறைத்துவிட்டு "எனக்கு இப்பெல்லாம் பயமே வர்றதில்லீங்க" என்றால் எப்படி? அதே ஆளை, அதே நாற்பத்தைந்து வயசில், கரண்ட் போன ராத்திரியில் அந்த மோட்டார் ரூமுக்குத் தனியாக அனுப்பிப் பாருங்கள். அப்புறம் பேசலாம் ரசனையைப் பற்றி.

பேய் காமெடி ஆகிப்போனதே, அது நாம் முதிர்ந்ததால்தானே என்று அண்ணன் கேட்டார். 2011-ல் தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் படத்துக்கு யு சான்றிதழ் இருக்கவேண்டும் என்று விதி வந்தது. ஏ சான்றிதழ் வாங்கின படத்தை அப்படியே டிவிக்கும் விற்க முடியாது. படம் எடுக்கிறவர் ரத்தத்தைக் குறைத்துச் சிரிப்பைக் கூட்டத்தானே பார்ப்பார்? இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, கூட்டமும் சிரித்தது. ஆனால் சிரிக்க வைக்கும் பேய் மட்டுமே தியேட்டருக்கு வந்துகொண்டிருந்தால், நாம் எதைப் பார்த்து அலறுவது?

அமெரிக்கக் கதை இன்னும் வேடிக்கை. 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ கறுப்பு வெள்ளையில், குறைந்த செலவில் ஒரு படம் எடுத்தார். செத்தவர்கள் எழுந்து வந்து மனுசனைத் தின்கிற கதை. படத்தின் பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். திரையில் வரும் பழைய பெயர் அட்டையில் இருந்த காப்புரிமை வாசகம் புது அட்டையில் விட்டுப்போனது. அன்றைய சட்டப்படி அந்த வாசகம் இல்லையென்றால் உரிமையே இல்லை. அப்புறமென்ன, யார் வேண்டுமானாலும் பிரிண்ட் போடலாம், டிவியில் போடலாம், கேசட்டாக விற்கலாம். திரும்பின பக்கமெல்லாம் அந்தப் படம்தான். இன்றைக்கு உலகம் முழுக்க ஜாம்பி மேல் இருக்கிற மோகத்தில் விட்டுப்போன அந்த ஒரு வாசகத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. யாருக்கும் வயசாகி வந்த ரசனை அல்ல அது.

காது மங்கும் என்று அண்ணன் ஒரு வாதம் வைத்தார். உண்மைதான், வயதானால் கேட்கும் சக்தி குறையும். ஆனால் முதலில் போவது மேல்ஸ்தாயி, எட்டாயிரம் ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எட்டாயிரம் அதிர்வு, அதற்கு அந்தப் பக்கம். எலெக்ட்ரிக் கிடாரின் உச்சி சுரமே 1,300 ஹெர்ட்ஸ் சுமாருக்குத்தான் வரும். சிம்பலின் சிலுசிலுப்பு கொஞ்சம் குறையலாம், கிடாரின் உறுமல் அப்படியே இருக்கும்.

பொறுப்பு வந்துவிடுகிறது, நேரம் இல்லை என்றும் சொன்னார். நேரம் கிடைக்காதது வசதிக் கணக்கில்தானே வரும், அண்ணன் எங்கள் அணிக்கு வேலை செய்திருக்கிறார், நன்றி. ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி மேல் பெர்த்தில் படுத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பழைய ஆல்பம் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை கேட்கிற பனியன் கம்பெனி முதலாளிகளை எனக்குத் தெரியும். சேலம் தாண்டுவதற்குள் பழைய ஹாஸ்டல் பையன் திரும்பி வந்துவிடுகிறான்.

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்கார்ந்து கொள்கிறேன். 1986-ல் மெட்டாலிகா என்ற மெட்டல் குழு போட்ட ஒரு பாட்டு, எட்டு நிமிஷத்துக்கு மேல். 2022-ல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் என்ற நெட்ஃபிளிக்ஸ் பேய்த் தொடரில் ஒரு பையன் அதைக் கிடாரில் வாசிக்கிற மாதிரி ஒரு காட்சி வைத்தார்கள். அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் தேடித் தேடிக் கேட்டார்கள். அதே தொடரில் வந்த பாடகி கேட் புஷ்ஷின் 1985-ஆம் வருஷத்துப் பாட்டு, வந்து முப்பத்தேழு வருஷம் கழித்து, இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: வயசுதான் ரசனையை மாற்றுகிறது என்றால், பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டெல்லாம் அந்த ஒரு வருஷத்தில் எப்படிங்க அக்கா பிடித்தது?