கல்லான பிறகும் அழுதவள்

கிரேக்கக் கதைகள் என்றாலே 'ஹூப்ரிஸ்' என்ற சொல் வந்துவிடும். கர்வம் என்று அதற்கு அர்த்தம் சொல்லிவிட்டு, கர்வப்பட்டவளைத் தெய்வம் தண்டித்தது என்று கதையை முடித்துவிடுகிறோம். ஆனால் பழங்கால ஏதென்ஸ் நகரத்தில் அது ஒரு குற்றத்தின் பெயர், நண்பர்களே. இன்னொருவரை வேண்டுமென்றே அவமானப்படுத்துவது ஹூப்ரிஸ். அதற்கு வழக்கே தொடுக்கலாம். மனசுக்குள் தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்வதோடு அது நிற்பதில்லை.

நியோபியை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்ஸ் நாட்டு அரசி. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் அவளுக்கு 7 மகன்கள், 7 மகள்கள். லீட்டோ தெய்வத்துக்கு ஊர்ப்பெண்கள் பூசை செய்துகொண்டிருக்கிறார்கள். இவள் போய்த் தடுக்கிறாள். "இரண்டே பிள்ளை பெற்றவளுக்கா பூசை? நான் பெற்றதில் ஏழில் ஒரு பங்குதானே அது!" என்கிறாள். லீட்டோவின் அந்த இரண்டு பிள்ளைகள் அப்பல்லோவும் ஆர்ட்டிமிஸும். இருவரும் வில்லாளிகள்.

அவர்கள் அம்பில் நியோபியின் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். கடைசியில் ஒரே ஒரு சின்னப் பெண் மிச்சம். நியோபி தன் உடம்பாலும் உடையாலும் அவளை மூடிக்கொண்டு, "இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள், இருப்பதிலேயே சின்னவள்" என்று கெஞ்சுகிறாள். கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளையும் விழுகிறது.

அப்புறம் காற்றடித்தும் அவள் கூந்தல் அசையவில்லை. நாக்கு உறைந்துபோகிறது. முழுக்கக் கல். ஆனால் கண்ணீர் நிற்கவில்லை.

இதை நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாய்விட்டது தாய், செத்தது பிள்ளைகள். இந்தக் கதையின் உயிர் தண்டனையில் இல்லை, அந்த உருமாற்றத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். எல்லாம் போன பிறகும் ஒருவரிடம் எது மிஞ்சுகிறதோ, அது மட்டும் புது உருவத்தில் தொடர்கிறது. நியோபிக்கு அழுகை. நெசவுக்குரிய தெய்வம் அதீனாவோடு போட்டிக்குத் தறியில் உட்கார்ந்த அராக்னி என்ற பெண்ணுக்கு நெசவு. அவள் நெய்த துணியில் பொறாமையே வந்து தேடினாலும் குறை காண முடியாது என்கிறார் ஓவிட். அதீனா அதைக் கிழித்தெறிந்து, கையிலிருந்த தறி நாடாக்கட்டையால் அவள் நெற்றியில் அடிக்கிறாள். அவமானம் தாங்காமல் தூக்கில் தொங்கியவளைச் சிலந்தியாக்கியதும் அதே அதீனாதான். அங்கே ஓவிட் சொல்லும் காரணம் இரக்கம்.

ஓவிட்டுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ட்ராய் போரைப் பாடும் இலியட் காவியத்தில் நியோபி வருகிறாள். மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு ட்ராய் அரசர், கிழவர் பிரையம் எதிரியின் கூடாரத்துக்கே வருகிறார். ஹெக்டரைக் கொன்ற அகிலீஸ் அவரைச் சாப்பிடச் சொல்கிறான். "நியோபிகூடச் சாப்பிட்டாள்" என்கிறான். அங்கே பிள்ளைகள் 12 பேர். ஒன்பது நாள் புதைக்க ஆளில்லாமல் கிடந்தார்கள். பத்தாம் நாள் தெய்வங்களே அடக்கம் செய்தன. அழுது அழுது ஓய்ந்த பிறகு அவளும் சாப்பிட்டாள். கர்வத்துக்கு எச்சரிக்கை என்று நாம் படிக்கும் கதை அங்கே துக்கத்துக்கு ஆறுதலாக நிற்கிறது. அதையும் மகனைக் கொன்றவனே சொல்கிறான். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அந்தக் கல் இருப்பதாகச் சொல்லப்படும் சிபிலஸ் மலை இன்று துருக்கியில், மனிசா ஊரை ஒட்டி இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பாசானியஸ் அதில் ஏறிப் பார்த்து எழுதியிருக்கிறார். கிட்டே போனால் வெறும் பாறை, பெண்ணின் சாயலே இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், தலை குனிந்து அழும் ஒரு பெண்.